மேனேஜருக்குத் துணை வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நாலு வரியாவது படி. அப்புறம் உன் இஷ்டம்.

ஆறு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் இறங்கி வருவது என்பதில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். போன் பண்ணினால் நீ எடுக்க மாட்டாய் என்று தெரியும். மேனேஜர் விஷயமாக எழுதுகிறேன்.

மேனேஜரை மறந்திருக்க மாட்டாய். அத்தான் போனபின் நீ என் வீட்டில் இருந்தாயே, அந்த எட்டு மாதமும் உன் செருப்பின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கிய ஆமைக்குட்டி. ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறதே, இதென்ன மேனேஜரா என்று பெயர் வைத்தவள் நீதான். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் வளராது என்று விற்றவன் சத்தியம் செய்தான். இப்போது இருபத்தாறு கிலோ. எந்த விருந்துக்கு வைக்கிற தட்டை மனசில் வைத்துச் சொன்னானோ தெரியவில்லை. குளிக்கும் அறைக் கதவைப் பெயர்த்துவிட்டான். அலமாரியைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைக்கிறான். விளையாட்டுப் புத்தி வேறு, பகல் பூராவும் பால்கனியில் எதையாவது முட்டிக்கொண்டே இருப்பான். கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். இரவு டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவள். அவள் குடியிருப்புச் செகரட்டரியிடம் சொல்ல, செகரட்டரி எனக்கு ஒரு மாதம் கெடு கொடுத்திருக்கிறார்.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். செடிகளுக்குக் கண்ணாடிக் கூரை போட ஒருத்தர் என் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் ஆமையைப் பற்றிப் புலம்பினேன். "எங்க ஊர்ல ஒரு செடி நர்சரி அம்மா இருக்காங்க சார். யார் ஆமைய விட்டாலும் எடுத்துக்குவாங்க. ஆளத்தான் உள்ள விடமாட்டாங்க" என்றார். அதற்குமேல் அடையாளம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவனை எடுத்துக்கொள்வாயா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அவன் போய்விட்டால் இந்த வீட்டில் மூச்சு விடுகிற பொருள் நான் ஒருத்தன்தான். எனக்கு அது முடியாது அக்கா. அடுக்குமாடி வீட்டுக்குத் தோதான சின்ன ஜாதி ஒன்றை நீயே பார்த்துக் கொடு. உனக்கு அதெல்லாம் தெரியும் என்றார்கள்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

அனுப்பு. எடுத்துக்கொள்கிறேன். தொடையில் முள் இருக்கிற ஜாதிதானே? அது இன்னும் இரண்டு பங்கு வளரும். அதற்கு வேண்டியது வெயிலும் புல்லும் தோண்ட மண்ணும். மூன்றாவது மாடி பால்கனியில் இதில் எது இருந்தது? உன்னைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, இங்கே இருக்கிற பத்தொன்பதும் இப்படி வந்தவைதான்.

மரப்பெட்டியில் வை. அடியில் நிறைய வைக்கோல் போடு. அன்றைக்குத் தீனி போடாதே. எந்தக் காரணத்துக்காகவும் மல்லாக்கத் திருப்பாதே. என்னென்ன கொடுத்து வளர்த்தாய் என்று மறைக்காமல் எழுது. வாழைப்பழம் கொடுத்தேன் என்று எழுதப் போகிறாய், எனக்குத் தெரியும்.

சின்ன ஜாதி ஒன்று பார்த்துக் கொடு என்கிறாய். ஆமை என்ன செருப்பா, சைஸ் மாற்றித் தர? அதைப் பிறகு பார்க்கலாம்.

போன் பண்ணாதே. பேசினால் நீ அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆரம்பிப்பாய், நான் வைத்துவிடுவேன். எழுதினால் தாளை மடிப்பதற்குள் பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை வண்டிக்காரரிடமே கொடுத்து அனுப்புகிறேன். மேனேஜரைப் பெட்டியில் ஏற்ற நானும் அவரும் செகரட்டரியும் பிடித்தோம். கெடு கொடுத்த மனிதர்தான் முதல் ஆளாகக் கைகொடுத்தார். நர்ஸ் மாடிப்படியில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாழைப்பழம் கொடுத்தேன். முட்டைக்கோஸ், கேரட், சில நாள் ரொட்டி. என்னோடு டீயில் தொட்டுச் சாப்பிடுவான். திட்டிக்கொள்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அவன் தனிமை தாங்க மாட்டான். நீ கிளம்பிப் போன வாரம் வீடு பூராவும் உன்னைத் தேடி அலைந்தான். மூலைக்கு மூலை போய் நிற்பான். பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடையில் மீந்துபோன முகம் பார்க்கும் கண்ணாடிகளை அறுத்து, ஓரத்தை நன்றாகத் தேய்த்து, பால்கனிச் சுவர் நாலு பக்கமும் தரையோடு தரையாக, அவன் உயரத்துக்குப் பதித்துக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூட்டாளி. அன்றிலிருந்து உற்சாகம்தான். காலையில் எழுந்ததும் ஓடிப்போய் ஒவ்வொருத்தனையும் முட்டி முட்டிக் கூப்பிடுவான். சாயங்காலம் நான் வந்து டீ போடும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும்.

புது இடத்தில் ஏங்கிப் போவான் என்று இரண்டு கண்ணாடி கட்டி அனுப்பியிருக்கிறேன். நல்ல கனமானது. அவன் இருக்கிற இடத்தில் தரையோடு பதித்துவிடு.

அடுத்து வரப்போகிறதே சின்னது, அதற்கு இப்போதே கண்ணாடித் தொட்டி ஒன்று செய்ய ஆரம்பித்துவிட்டேன். மூலைகளில் ஒட்டே தெரியாது. எந்த ஜாதி என்று மட்டும் சீக்கிரம் சொல். பெட்டி வண்டியில் ஏறியதும் இதை எழுத மேலே ஏறி வந்தேன், வண்டிக்காரர் கீழே காத்திருக்கிறார். சாவியை மேஜையில் வைத்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

தம்பி


மார்ச் 5

தம்பி,

உனக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை, அதனால் வந்ததை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்தபோது டாக்டரம்மா கூட இருந்தார். எல்லா ஆமைக்கும் அவர்தான் வைத்தியம். மேனேஜரின் கழுத்துக்குக் கீழே ஓடு கலப்பை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது பாதி இல்லை. உடைந்து, உள்ளே ரத்தம் கட்டி, அது ஆறுமுன் மறுபடி உடைந்து. டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "வீட்ல இன்னொரு ஆண் ஆமை இருந்துதா? ரொம்ப வருஷமா சண்டை போட்டிருக்கே" என்றார். "இல்லையே, இது ஒண்ணுதான்" என்றேன். அப்புறம்தான் வண்டிக்காரர் உன் கடிதத்தையும் கண்ணாடிக் கட்டையும் நீட்டினார். நான் படித்துவிட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவரும் படித்தார். கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அவன் விளையாடவில்லையடா. இந்த ஜாதி தனியாக வாழ்கிற ஜாதி. தன் இடத்தில் இன்னொரு ஆணைக் கண்டால் முட்டித் துரத்தும். துரத்தினால் மற்றது ஓடிவிடும், அதோடு முடிந்தது. நீ நாலு சுவரிலும் ஓடாத எதிரியை நிற்கவைத்தாய். காலையில் கண் திறந்தால் சண்டை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சண்டை. ஆறு வருஷம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நீ டீ குடித்தாய்.

என்னைத் தேடினான் என்கிறாய். அவன் தேடியது வெயிலை. உன் வீட்டுக்கு எதிரே அந்த வருஷம்தானே உயரமான கட்டடம் எழும்பியது?

உனக்கு ஒரு வியாதி இருக்கிறது. உனக்குப் பசித்தால் ஊரில் எல்லாருக்கும் பசிக்கிறது என்று இலை போட்டுவிடுவாய். என்னையும் அப்படித்தான் செய்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை தலை குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வெளியே வருகிறேன், கூடத்தில் ரிடையரான பேங்க்காரர் ஒருத்தர் சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "சும்மா டீ குடிக்க வந்தார்க்கா" என்கிறாய். உனக்கொரு பெண் பார்த்துக் கட்டிக்கொள்ளத் துப்பில்லை, எனக்கு மாப்பிள்ளை பார்த்தாய். நான் தனிமை தாங்க மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? மேனேஜர் சொன்னானா?

இரண்டாவது ஆமை கிடையாது. தொட்டியை விற்றுவிடு.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

அவனுக்கு வலித்திருக்குமா? அதை மட்டும் சொல்.

தம்பி


மார்ச் 15

வலித்திருக்கும். இப்போது ஆறிக்கொண்டு வருகிறது. மருந்து போடும்போது என்னை ஏற இறங்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

ஆறுகிறது என்று எழுதினாயே, அந்தத் துண்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கடைக்குப் போனேன்.

பால்கனிக் கண்ணாடிகளைப் பெயர்த்துவிட்டேன். திருகு ஆணிகள் தரையோரம் இருப்பதால் படுத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். அவன் உயரத்தில் தலையை வைத்துப் படுத்தபோது நாலு பக்கமும் என் மூஞ்சி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே முட்ட வேண்டும் போல இருந்தது. சிரிக்காதே. கொஞ்சம் அழவும் செய்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். பார்த்தால் கீழ்வீட்டு நர்ஸ். "மூணு வாரமா சத்தமே இல்லையே... உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றாள். ஆமை போனது அவளுக்குத் தெரியும், அவள் கண் முன்னால்தானே ஏற்றினோம். அது போனபின் ஆள் நடமாடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லையாம். நன்றாக இருக்கிறேன் என்றேன். "அந்தச் சத்தம் பழகிடுச்சு சார். இப்ப தூக்கமே வரமாட்டேங்குது" என்று சிரித்துவிட்டுப் படி இறங்கிவிட்டாள். உள்ளே வாங்க, டீ சாப்பிடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்தியபின்தான் வந்தது.

கடையில் நாள் பூரா பேச்சுதான், அளவு சொல்வார்கள், பேரம் பேசுவார்கள், நானும் பேசுவேன். ஷட்டரை இழுத்துவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு வார்த்தை பேச ஆளில்லை. காலையில் முதல் ஆள் வந்து நிற்கும்போது குரல் கரகரவென்று வருகிறது. இரண்டு தடவை செருமித்தான் பேச வேண்டியிருக்கிறது. சளியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். மேனேஜர் இருந்தபோது அவனிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். அவன் பதில் சொன்னதில்லை, ஆனால் பேசாதே என்றும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ ஜன்னலோரம் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. உனக்கும் அப்படியா என்று கேட்க வேண்டும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. நீ சொன்ன வியாதி உண்மைதான். மருந்து தெரிந்தால் எழுது.

எனக்கு ஒரு ஆமை கொடு அக்கா. இந்தத் தடவை நீ சொன்னபடி கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

ஜன்னலோரம் நான் நன்றாகத்தான் இருந்தேன். உன் அத்தான் நல்ல மனுஷன். ஆனால் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை பேசுவார். பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். படித்ததை விளக்குவார். அவர் போனபின் நான் அழுதது எவ்வளவு என்று உனக்குத் தெரியும். ஆனால் உன் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக என் காது ஓய்ந்தது. இதை வெளியே சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? அதனால் துக்கம் என்று எல்லாரும் நினைக்க விட்டுவிட்டேன். நீயும் அப்படியே நினைத்தாய். அது உன் தப்பு மட்டும் இல்லை.

மேனேஜர் வேலியோரம் ஆள் நுழைகிற அளவுக்கு வளை தோண்டிவிட்டான். வெயில் ஏறினால் வெளியே வருகிறான், புல் மேய்கிறான், உள்ளே போகிறான். முட்டுவதற்கு அவனுக்கு எதுவும் இல்லை. உன்னைத் தேடவில்லை. உன் மனசு நோகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், பொய் எழுதி என்ன பிரயோஜனம்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்குத் தோதான ஜாதி எது என்று டாக்டரம்மாவோடு உட்கார்ந்து பேசினேன். தண்ணீர் ஆமை வேண்டாம். கடையில் காசு அளவுக்கு இருக்கும், வளர்ந்தபின் குளியல் தொட்டி முழுக்கக் கேட்கும், தண்ணீர் மாற்றியே உன் முதுகு போய்விடும். சிவப்புக் கால் ஜாதி அழகு, ஆனால் எந்நேரமும் ஈரக்காற்று வேண்டும், உன் வீடு பூசணம் பிடிக்கும். மிச்சம் இருப்பது சின்னதாக, உலர்ந்த இடத்தில் வாழ்கிற ஜாதி. அப்படி ஒன்று வந்திருக்கிறது. பட்டன் என்று பெயர். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். முழுதும் வளர்ந்த பெண். இதற்கு மேல் வளராது, நான் கடைக்காரி இல்லை, நம்பலாம். ஒரு டைப்பிஸ்ட் அம்மா அறைக்குள்ளேயே வளர்த்தார். அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அதனால் வீடு அதற்குப் பழக்கம்.

கண்ணாடித் தொட்டி கூடவே கூடாது. கண்ணாடி என்று ஒன்று குறுக்கே இருப்பது ஆமைக்குப் புரியாது. வெளியே தெரிகிறதே, ஏன் போக முடியவில்லை என்று நாள் முழுக்கச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே நடக்கும். அகலமான மரப்பெட்டி, வெளியே தெரியாத உயரத்துக்குப் பலகை, வெயிலுக்குப் பதிலாக எரிகிற விசேஷ விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு மூலை. தினமும் கீரை இலைகள். ரொட்டியும் டீயும் உன்னோடு நிற்கட்டும்.

பட்டன் இன்னும் முப்பது வருஷம் இருக்கும். உனக்கு ஐம்பத்தெட்டு. உனக்கப்புறம் என்னிடம் திரும்பி வரும் என்று எழுதிக் கொடு. நான் உன்னைவிட நாலு வயது மூத்தவள் என்பது வேறு விஷயம்.

வண்டியில் அனுப்ப மாட்டேன். நீயே வா. இரண்டு நாள் இருந்து, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு எடுத்துப் போ. எனக்குத் திருப்தி இல்லையென்றால் வெறுங்கையோடு அனுப்புவேன். அப்போது அழக்கூடாது.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். கையில் கண்ணாடி இருந்தது, நல்லவேளை கீழே போடவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் கண்ணாடி அறுத்தவன், மரப்பெட்டி வேண்டும் என்று பக்கத்துத் தச்சர் கடையில் போய் நின்றேன். "என்ன சார், கண்ணாடிக்கு மவுசு போச்சா?" என்று ஆரம்பித்தவர் இன்னும் விடவில்லை. ஆனால் பெட்டியை அழகாகச் செய்திருக்கிறார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன், எந்த மூலையிலும் சிலாம்பு குத்தாது. விளக்கு வாங்கியாகிவிட்டது. பால்கனியை ஒட்டிய அறையைக் காலி செய்துவிட்டேன். கீரைக்காரியிடம் தினமும் ஒரு கட்டு சொல்லி வைத்தாகிவிட்டது. அவள் யாருக்கு என்றாள். "வீட்ல ஒருத்தங்க வராங்க" என்றேன். சொல்லும்போதே நன்றாக இருந்தது.

கொண்டுவர ஒரு சின்னக் கூடையும் பின்னி வாங்கியிருக்கிறேன், மூடி போட்டது. வெள்ளிக்கிழமை மத்தியான பஸ். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான், மூன்றாவது நாள் உன் கண்ணில் பட மாட்டேன். அந்தப் பேங்க்காரர் பேச்சை நான் எடுக்க மாட்டேன், நீயும் எடுக்காதே. வேறு என்ன வேண்டுமானாலும் பேசலாம். எனக்குச் சொல்ல ஆறு வருஷத்து விஷயம் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் பாயும் போர்வையும் மடித்து வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். மண்வெட்டி வைக்கிற இடத்தில் உன் கூடை, மூடி திறந்து, காலியாக. பட்டன் தன் இடத்தில் இலை தின்றுகொண்டிருக்கிறாள். நீ பத்திரமாகப் பஸ் ஏறினாயா என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு விசாரித்தேன், என் வயசுக்கு இது தேவையா?

நான் சனிக்கிழமை ராத்திரி சொன்னதற்காகவா? "கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருக்க மாட்டியாடா" என்றுதான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீ வெள்ளிக்கிழமை கேட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து பேசினாய். செகரட்டரி கதை, தச்சர் கதை, கண்ணாடி விலை, நர்ஸ் தூங்காத கதை இரண்டு தடவை. சாப்பிடும்போதும் பேசினாய். நான் செடிக்குத் தண்ணீர் விடப் போனால் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து பேசினாய். என் தலை கிண்ணென்று ஆகிவிட்டது. சொன்னதும் நீ சட்டென்று நிறுத்தினாய். அப்படி நிறுத்துவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குச் சங்கடமாகி நான்தான் ஏதாவது பேச வேண்டியிருந்தது, பேச எனக்கு எதுவும் தெரியவில்லை.

பட்டனைப் பார்த்துக்கொள்ள நீ நன்றாகத்தான் கற்றுக்கொண்டாய். கொடுக்கலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். டாக்டரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். என் பேரில் கோபம் என்றால் என்னிடம் காட்டு. ஆசைப்பட்டுக் கேட்டதை விட்டுவிட்டுப் போனால் நான் என்னவென்று நினைப்பது?

பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

கோபம் இல்லை. உடனே எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் நீளமாகப் போகிறது, உனக்குத்தான் நீளம் ஆகாதே.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் வளையை விட்டு வெளியே வந்தான். வேலியோரம் நான் நின்றேன். "டேய் மேனேஜர்" என்று கூப்பிட்டேன். ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் என் காலைச் சுற்றிக்கொண்டு புல் பக்கம் போய்விட்டான். மனசு நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் நடையைப் பார்த்தேன். என் வீட்டில் அவன் அப்படி நடந்ததே இல்லை. அவசரமே இல்லாமல் போனான்.

ராத்திரி நீ வாயை மூடச் சொன்னபின் நான் பட்டன் பெட்டியருகே போய் உட்கார்ந்தேன். கையில் எடுத்தேன். தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். கீழே விட்டேன், வெளியே நீட்டினாள். மறுபடி எடுத்தேன், மறுபடி உள்ளே போனாள். எத்தனை தடவை செய்திருப்பேன் என்று தெரியாது. என் கை வராதபோது அவள் நன்றாக இருந்தாள். நீ உள்ளே படுத்திருந்தாய். விளக்கை அணைத்துவிட்டு, பெருமூச்சு விட்டு, சுகமாகப் புரண்டு படுத்தாய், எனக்குக் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

நீ ஜாதி பார்த்துக் கொடுத்தது சரிதான். அளவு சரி, சூடு சரி, தீனி சரி. இந்த வீடு அவளுக்குத் தோதுதான். நான்தான் தோதில்லை. தினமும் சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவந்து பெட்டிமேல் குனிந்து நிற்பேன், என்னைப் பார், என்னைப் பார் என்று. முப்பது வருஷம் அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆமைக்குச் செய்தது போதும் என்று தோன்றியது. உன்னை எழுப்பிச் சொன்னால் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்து கிளம்பிவிட்டேன்.

எனக்குத் தோதான ஜாதி எது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் வரத் தாமதமானால் எங்கே காணோம் என்று தேடுகிற ஜாதி. அது இந்த வீட்டில் இல்லை. கீரைக்காரி கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வந்துட்டாங்களா?" என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன். நானே தின்கிறேன்.

இன்னொரு தடவை வரலாமா? சும்மாதான் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. வருத்தப்பட மாட்டேன். படுவேன், உன்னிடம் சொல்ல மாட்டேன்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

நீ உண்மையை எழுதினாய். நானும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறிவிட்டாய் என்று தெரிந்தபின் டீ போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. உடம்பெல்லாம் லேசானது. இதை வேறு யாரிடமாவது சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பார்கள். நீ சொல்ல மாட்டாய். நீதான் பட்டனைக் கீழே விட்டவன்.

ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். ஆறு வருஷமாக இங்கே இதே அமைதிதான். தினமும் இதே படியில்தான் டீ குடிக்கிறேன். ஒரு நாளும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை. யாராவது இருந்துவிட்டுப் போனால்தான் அது வருகிறது போலிருக்கிறது. இத்தனை வருஷம் இங்கிருந்து யாரும் போகவே இல்லையே, வந்தால்தானே போவதற்கு.

உனக்கு ஆமை ஆகாது. எந்த ஜாதி ஆமையும் ஆகாது, அந்தப் பேச்சு முடிந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். கூட்டமாக வாழ்கிற சின்னக் குருவிகள் இருக்கின்றனவாம், கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. குறைந்தது நாலைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டுமாம், தனியாக வைத்தால் செத்துப்போகுமாம். விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஒன்றோடு ஒன்று கத்திக்கொண்டே இருக்குமாம். உன்னைத் தேடாது. ஆனால் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நீ பாட்டுக்குப் பேசலாம். பேசினால் அவையும் கூடக் கத்தும். பால்கனி பூராவும் வலை அடித்துவிடு, பறக்க இடம் வேண்டும். வாங்குமுன் கீழே இறங்கிப்போய் அந்த நர்ஸிடம் கேள். செகரட்டரி மூலமாகக் கேட்காதே, நீயே போய்க் கேள். அவள் சரி என்றால் வாங்கு, இல்லையென்றால் வேறு பார்க்கலாம்.

இங்கே நீ வரலாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வா, ஞாயிற்றுக்கிழமை போ. சொல்லிவிட்டுப் போ, விடியுமுன் ஓடிப்போகாதே, நான் பஸ் ஸ்டாண்ட் வரை வருவேன். பேசு. என் தலை வலித்தால் நிறுத்து என்பேன், நீ நிறுத்து. நீ வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று தெரியவில்லை. போகும்போது நிச்சயம் இருக்கும். அதற்காக வா.

அக்கா